சீரியல் போர்ட்டுக்கு ஐபி கொடுக்கும்போது

ரூட்டர் அமைப்பில் ஒரு வரி தப்பாகி நெட்வொர்க் அறுந்துவிட்டால், அந்தப் பெட்டிக்குள் நுழைய மிஞ்சும் வாசல் கன்சோல் போர்ட்தான். அதற்கு ஐபி முகவரி வேண்டாம். இயங்குதளம் முழுதாக எழுந்திருக்கவும் வேண்டாம். 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்தால் திரையில் எழுத்து வந்துவிடும். 1960-இல் வகுத்த ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரம் இன்றைய டேட்டா சென்டர் வரை நிலைத்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம். ஆனால் கேபிளின் மறுமுனையில் ஓர் ஆள் லேப்டாப்போடு நிற்க வேண்டும். நள்ளிரவில் வெளியூர்க் கிளையில் சுவிட்ச் படுத்துவிட்டால் அந்த ஆளுக்கு எங்கே போவது?

இதற்கு விடைதான் டெர்மினல் சர்வர். ஒருபக்கம் வரிசையாகச் சீரியல் போர்ட்டுகள், மறுபக்கம் ஈதர்நெட். 16 லைன்கள் கொண்ட சிஸ்கோ 2511-இல், பெட்டியின் ஐபிக்கு 2001 என்ற எண்ணில் டெல்நெட் செய்தால் முதல் லைன் கிடைக்கும். 2016 என்றால் பதினாறாவது. மின் மீட்டர், பிஎல்சி போன்றவற்றையும் இதே முறையில் இணைக்கிறார்கள். பழைய கருவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அதன் மென்பொருளைத் தொடவும் வேண்டியதில்லை. இந்த வசதியின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாட் வேகம் பொருந்தி எழுத்து வந்ததுமே வேலை முடிந்தது என்று எழுந்துவிடும் பழக்கத்தில்தான் கோளாறு.

அந்த 2511-லேயே ஓர் உதாரணம். லைனில் 'நோ எக்ஸெக்' என்ற கட்டளையைக் கொடுக்காமல் விட்டால், மறுமுனை ரூட்டர் எழும்போது கொட்டும் செய்திகளை யாரோ தட்டச்சு செய்வதாக எடுத்துக்கொண்டு டெர்மினல் சர்வர் அந்த லைனில் ஒரு அமர்வைத் திறந்துவிடும். லைன் பிஸி. அவசரத்துக்கு உள்ளே போகப் பார்த்தால் இணைப்பு மறுக்கப்படும். 'கிளியர் லைன்' கொடுத்து விடுவித்தாலும், அந்த 'நோ எக்ஸெக்' இல்லாதவரை சிக்கல் திரும்பத் திரும்ப வரும்.

தொழிற்சாலைப் பக்கம் தொல்லை வேறு. 1979-இல் மோடிகான் கொண்டுவந்த மோட்பஸ் நெறிமுறை, அதன் ஆர்டியூ வடிவில், செய்தி முடிந்ததை மௌனத்தால் அறிகிறது. மூன்றரை எழுத்து நேரம் லைன் சும்மா இருந்தால் செய்தி முடிந்ததாகக் கணக்கு. 9600 பாட்டில் அது ஏறக்குறைய 4 மில்லிசெகண்ட். ஈதர்நெட் பக்கத்திலோ, டிசிபி பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும். நடுவிலுள்ள மௌனத்தைச் சுமக்காது. ஒரே செய்தி இரண்டு துண்டாக வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். எப்போதாவது மட்டும் மீட்டர் பதில் தராமல் போகும் புதிர்களில் பல இதனால் வருபவை. இங்கே பைட்டுகளை அப்படியே தள்ளிவிடும் 'ரா' முறை போதாது. நீளத்தைத் தலைப்பிலேயே சொல்லி 502-ஆம் போர்ட்டில் பேசும் மோட்பஸ் டிசிபியாக மாற்றித்தரும் கேட்வே வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. சீரியல் லைனுக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாது. அவர் போய்விட்டதும் தெரியாது. மோடம் காலத்தில் தொடர்பு அறுந்ததைச் சொல்லத் தனிக் கம்பி இருந்தது. அனுப்ப, பெற, கிரவுண்ட் என மூன்றே கம்பியில் முடித்த இணைப்பில் அதுவும் இல்லை. பொறியாளர் லாகவுட் செய்யாமல் ஜன்னலை மூடினால் டிசிபி அறுகிறது, கன்சோல் திறந்தபடியே இருக்கிறது. அடுத்து வருபவருக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. 2013-இல் ரேபிட்7 நிறுவனத்தின் எச்.டி. மூர் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் வெளிப்படையாகத் தெரிந்த சீரியல் சர்வர்கள் 1,14,000-க்கு மேல். சுமார் 13,000 சீரியல் போர்ட்டுகள் பாஸ்வேர்டு கேட்காமலோ, முன்பே யாரோ லாகின் செய்த நிலையிலோ கிடைத்தன. சிஸ்கோ ரூட்டர்களில் சும்மா கிடக்கும் அமர்வு இயல்பாகவே 10 நிமிடத்தில் முடிந்துவிடும். வேலைக்கு இடைஞ்சல் என்று 'எக்ஸெக்-டைம்அவுட் 0 0' போட்டு அந்தக் காவலையும் எடுத்துவிடுவது பரவலான வழக்கம். இதை எந்த வசதிக்காகவும் ஏற்க முடியாது.

சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் இந்தப் பெட்டியும் ஒரு கணினியே என்பதை 2015 டிசம்பர் 23 காட்டியது. உக்ரைனில் மின்விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், துணைமின்நிலையங்களிலிருந்த சீரியல்–ஈதர்நெட் மாற்றிகளின் ஃபர்ம்வேரையும் சிதைத்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தபோது, ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கர்களை இயக்க வேண்டியிருந்தது. ஆகவே டெல்நெட்டை அணைத்து எஸ்எஸ்எச் வைப்பதும், ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும், தனி மேலாண்மை நெட்வொர்க்கில் வைப்பதும் பாட் வேகம் அளவுக்கே அடிப்படை அமைப்புகள்.

தனி நெட்வொர்க் உண்மையிலேயே தனியாக இருக்கவும் வேண்டும். 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் முடங்கியபோது அதன் மாற்றுவழி நெட்வொர்க்கும் சேர்ந்து விழுந்தது. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போனார்கள். சிறு அலுவலகங்கள் இதற்கு சிம் கார்டை நாடுகின்றன, அது சரிதான். ஆனால் மூர் கண்ட பெட்டிகளில் பெரும்பாலானவை மொபைல் இணைப்பில் இருந்தவையே. சிம்முக்குப் பொது ஐபி வாங்காமல், பெட்டியே உள்ளிருந்து விபிஎன் வழியாக அலுவலகத்தை அழைக்கும்படி அமைக்கலாம். அந்த விபிஎன் போய்ச்சேரும் முனை பிரதான லிங்க்கை நம்பியிருக்கக் கூடாது. பிறகு வேலை நேரத்தில் ஒருநாள் பிரதான கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, சிம் வழியே ஒவ்வொரு லைனுக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும்.