பெயர் பொருந்தினால் போதுமா?

நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் 1892 ஜனவரி 1 அன்று குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. அங்கே முதலில் பதிவானவர் ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து ‘நெவாடா’ கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்து இறங்கிய இளம்பெண். முதல் ஆள் என்பதால் பத்து டாலர் பொற்காசு கொடுத்து வரவேற்றார்கள், நாளிதழ்கள் எழுதின, பின்னாளில் கடலின் இரு கரைகளிலும் சிலை வைத்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தில் வந்தவரையே அமெரிக்கா பல ஆண்டுகள் வேறொருவராக நினைத்துக்கொண்டிருந்தது. டெக்சாஸில் 1923-இல் டிராம் மோதி இறந்த ஓர் ஆனி மூர்தான் இவர் என்று எல்லோரும் நம்பினார்கள். 2006-இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைப் புரட்டியபோது, அந்த டெக்சாஸ் பெண் இல்லினாயில் பிறந்தவர், கடல் கடந்து வந்தவரே அல்லர் என்று தெரியவந்தது. உண்மையான ஆனி மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியிலேயே வாழ்ந்திருக்கிறார். ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை மணந்து, பிள்ளைகள் பலரைப் பெற்று, சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924-இல் இறந்திருக்கிறார். குவீன்ஸில் உள்ள அவரது கல்லறையில் 2008 வரை பெயர்க்கல் இல்லை.

தவறு ஆவணத்தில் இல்லை. சரியான தகவல் ஏட்டில் இருந்தது. பெயர் பொருந்தியதும் தேடியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பழைய குடியேற்றப் பட்டியல்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் வைத்து ஐரிஷ் முன்னோரைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பெரும்பாலோர் கையாளும் விதத்தில் இந்தப் பழைய குறை அப்படியே இருக்கிறது.

அயர்லாந்துப் பக்கத்தில் தேடுவது ஏன் கடினம் என்று முதலில் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரின்போது, 1922 ஜூன் 30 அன்று, டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அங்கே சாம்பலானது. ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடுவது சரியல்ல. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சிய மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டினுடையது. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்தத் தலைமுறையைத்தான் இன்று அதிகம் பேர் தேடுகிறார்கள். அவர்கள் கப்பலேறி அரை நூற்றாண்டு கழித்து எடுத்த கணக்கில் அவர்கள் எப்படி இருப்பார்கள்?

அந்த இடைவெளியை நிரப்ப வரி ஏடுகள் உதவுகின்றன. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டில், நிலத்தையோ வீட்டையோ அனுபவித்தவரின் பெயரும் அவருக்கு அதைக் குத்தகைக்கு விட்டவரின் பெயரும் இருக்கின்றன. மனைவி, பிள்ளைகள், வயது எதுவும் இல்லை. வரி போடுகிறவருக்கு அவை வேண்டியிருக்கவில்லை. ஒரே ஊரில் மூன்று பேட்ரிக் மர்ஃபி இருந்தால், எவர் நம் ஆள் என்பதற்கு இந்த ஏட்டில் பதில் கிடையாது. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் 2015-இல் தேசிய நூலகத்தால் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டது பெரிய கொடை. ஆனால் எந்தப் பங்கு என்று தெரியாமல் அவற்றுக்குள் நுழைவதால் அதிகப் பயனில்லை. டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகளே அயர்லாந்தில் 60,000-க்கு மேல்.

எழுதிவைத்த வயதையும் அப்படியே நம்ப முடியாது. எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1908-இல் வந்தது. அயர்லாந்தில் அனைவருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால் முதியோரிடம் சான்றிதழ் இல்லை. 1901 கணக்கையும் 1911 கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பத்தே ஆண்டுகளில் பதினைந்து வயது கூடியவர்கள் பலர் தென்படுவார்கள். இதை வெறும் பொய்க்கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பிறந்த தேதியே தெரியாமல் வளர்ந்த ஏழைகள் அவர்களில் ஏராளம். இதே ஓய்வூதியத்தால் ஒரு நன்மையும் நேர்ந்தது. வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிப் பிழைத்ததால், எரிந்துபோன தாள்களில் இருந்த சில குடும்பங்களின் விவரம் இன்றும் கிடைக்கிறது.

அமெரிக்கப் பக்கம் தாள்கள் மிகுதி, விவரம் குறைவு. 1820 முதல் கப்பல் பயணியர் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் பஞ்சகாலப் பட்டியல்களில் பெரும்பாலும் பெயர், வயது, தொழில், ‘அயர்லாந்து’ என்ற ஒரு சொல், அவ்வளவுதான். எந்த உறவினரிடம் போகிறார் என்பது போன்ற கேள்விகள் 1893-க்குப் பிறகே சேர்ந்தன. கட்டணம் குறைவு என்று கனடா வழியாக வந்து எல்லையைக் கடந்தவர்கள் அந்நாளில் எந்த அமெரிக்கப் பட்டியலிலும் ஏறவில்லை. 1850 கணக்கெடுப்பில்தான் குடும்பத்தலைவர் தவிர மற்றவர்களின் பெயர்களும் முதன்முதலாக வந்தன. அங்கும் பிறந்த ஊர் கிடையாது. குடியேறிய ஆண்டைக் கேட்டது 1900 கணக்கெடுப்பு. எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்ற கதையும் நிற்காது. அவர்கள் கையில் இருந்தது புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் எழுதிக்கொடுத்த பட்டியல். அதைச் சரிபார்ப்பதே அவர்கள் வேலை. பெயர் மாறியிருந்தால், பெரும்பாலும் அது வந்தவர்கள் வேரூன்றிய பிறகு அவர்களாகவே மாற்றிக்கொண்டது.

பெண்கள் விஷயத்தில் இந்த முறை மிகவும் தடுமாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பலர் திருமணமாகாமல் தனியே போய் வீட்டுவேலை செய்தவர்கள். மணந்ததும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1922 வரை மணமான பெண்ணுக்குக் கணவனின் குடியுரிமையே வாய்த்ததால் தனி விண்ணப்பமும் இல்லை. ஆகவே பல குடும்ப மரங்களில் தந்தைவழி எட்டுத் தலைமுறை நீண்டுபோக, தாய்வழி இரண்டில் நின்றுவிடுகிறது. இதை ஆவணக்குறை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. தேடுகிறவர்களும் குடும்பப்பெயரின் பின்னாலேயே போகிறார்கள்.

அப்படியானால் முறையின் பலம் எங்கே? ஆளைத் தனியாகத் தேடாமல் அவரைச் சுற்றியிருந்த கூட்டத்தைத் தேடும்போது அது வெளிப்படுகிறது. புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்கள் ஊர்க்காரர்களோடு போனார்கள், ஊர்க்காரர்களின் தெருவில் குடியேறினார்கள். குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நின்றவர்கள், திருமணச் சாட்சிகள், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஆகிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டு கிரிஃபித் ஏட்டில் தேடினால், அவை ஒன்றாகத் தென்படும் ஊர் மூன்று நான்காகக் குறையும். பாஸ்டனின் ‘பைலட்’ இதழ் 1831 முதல் வெளியிட்ட ‘காணாமற்போன நண்பர்கள்’ விளம்பரங்களில், தம்பியைத் தேடும் அக்கா பிறந்த பங்கையும் மாவட்டத்தையும் சொல்கிறாள். நியூயார்க்கில் 1850-இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, கணக்கு வைத்தவரைப் பின்னாளில் அடையாளம் காண, பிறந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தது. அரசாங்கம் கேட்காததை வங்கிக் குமாஸ்தா கேட்டிருக்கிறார். ஆனால் பலர் இந்த ஏடுகளுக்கு வருவதே இல்லை. கணினி முதலில் காட்டும் பொருத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த முறையின் வெற்றிக்கு, முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபால்மத் கியர்னியை எடுத்துக்கொள்ளலாம். 1850-இல் மணிகால் என்ற சிற்றூரிலிருந்து போன செருப்புத் தைப்பவரின் மகன். ஸ்மோலென்யாக் அமெரிக்கப் பக்கத்தில் தேடினார். அந்த வட்டாரத் திருச்சபைப் பதிவேடுகளில் போதகர் ஸ்டீஃபன் நீல் 2007-இல் குடும்பத்தைக் கண்டார். இது நல்ல வேலைதான். ஆனால் ஃபால்மத் என்பது மிக அரிய பெயர். ஜான் கெல்லியைத் தேடுகிறவர் இந்த வெற்றியைத் தனக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.

இன்றைய இணையத்தளங்களில் ஒருவர் போட்ட தவறான தந்தையை நூறு பேர் நகலெடுக்கிறார்கள், எண்ணிக்கையே சான்றாகிவிடுகிறது. இந்தத் தேடலில் இறங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பிறந்த ஊர் தெரியும்வரை அமெரிக்கத் தாள்களை விட்டு நகராதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதை வைத்து அவர் இவர்தான் என்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த வரியை எழுத முடியாத இடத்தில் பெயரை எழுதாதீர்கள். குடும்ப மரத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.