‘கருக்கு’: சாட்சியும் கணக்கும்

நம் நாட்டுத் திருச்சபைகளில் வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகைக்கு நெடிய மரபு உண்டு. அருட்பணியாளர் சரித்திரங்களும் மனமாற்றச் சாட்சிகளும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முதல் இறையியல் மாணவர் வரை யாவரும் கற்றவை. இவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. இருளிலிருந்த ஒருவர் ஒளியைக் காண்கிறார், உறவினரால் துன்புறுகிறார், திருமுழுக்குப் பெறுகிறார், அத்துடன் கதை நிறைவுறுகிறது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அச்சபையில் என்ன நேர்ந்தது என்று இவ்வரலாறுகள் கேட்பதில்லை. 1992 இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ அக்கேள்வியிலிருந்து தொடங்கும் நூலாகும்.

தமிழில் தலித் தன்வரலாற்றுக்கு முன்னோடி என்று போற்றப்படும் இந்நூலைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக்கியுள்ளன. 2000 இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. ஆயினும் ஆயர்களாகிய நாம் இதனை இலக்கியத் துறையினரிடம் விட்டுவிட்டோம். அல்லது ‘இது ரோமன் கத்தோலிக்கரின் பிரச்சினை’ என்று ஒதுக்கினோம். இவ்விரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. ‘கருக்கு’ முதன்மையாக ஒரு விசுவாசியின் சாட்சி. சாட்சியாகவே அது வாசிக்கப்படவேண்டும்.

ஆசிரியர் பிறந்த ஊர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலுள்ள வ. புதுப்பட்டி. பாட்டனார் காலத்திலேயே கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பம். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். பாட்டியோ நிலவுடைமையாளர் வீடுகளில் ஊழியம் செய்தவர். அங்கே சிறு பிள்ளைகளும் அம்மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைத்தனர். தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றினர். எஞ்சிய உணவைக் கொடுத்தனர். பாட்டி அதைப் பணிவுடன் ஏற்று வீட்டிற்குக் கொண்டுவந்தார். மூன்றாம் தலைமுறையாக ஆலயத்திற்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் அன்றாட நிலை இதுவாக இருந்தது.

நூலில் யாவரும் நினைவுகூரும் காட்சி ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் கொடுக்கிறார். பள்ளிச் சிறுமி அதைக் கண்டு சிரிக்கிறாள். வீட்டிற்கு வந்து அண்ணனிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதற்காகவே அப்படி என்று விளக்குகிறார். பின்பு, படிப்பு ஒன்றே வழி என்று அறிவுறுத்துகிறார். தங்கை அச்சொல்லைப் பற்றிக்கொண்டு வகுப்பில் முதலாவதாக வருகிறாள், ஆசிரியையாகிறாள், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கவேண்டும் என்னும் வாஞ்சையுடன் கன்னியர் மடத்திலும் சேர்கிறாள்.

அந்த மடத்தில் அவர் கண்டது என்ன? சில மடங்கள் தலித் பெண்களைத் துறவிகளாக ஏற்பதில்லை என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டறிகிறார். மடத்தின் பள்ளிகளோ செல்வர் பிள்ளைகளுக்காக நடைபெறுகின்றன. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தோர் வசதியாக வாழ்கின்றனர். ஏழைகள் அங்கே கூட்டிப் பெருக்குகின்றனர். ஏழு ஆண்டுகளுக்குப்பின் அவர் வெளியேறினார். கையில் வேலையில்லை, தங்க இடமில்லை. அந்த நிலையில் எழுதப்பட்டதே ‘கருக்கு’.

இதே வீட்டைப் பற்றி மற்றொரு நூலும் நமக்கு உண்டு. பாமாவின் தமையனார், ஆய்வாளர் ராஜ் கௌதமன் (1950–2024), 2002 இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்று நாவலை வெளியிட்டார். தங்கை நெருப்பாக எழுதியதை அவர் எள்ளலாக எழுதினார். அந்நாவலின் இறுதியில் சிலுவைராஜ் வேலையின் பொருட்டு இந்துவாக மதம் மாறுகிறான். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகைகளைக் கிறிஸ்தவர்களுக்கு மறுத்ததே இதன் பின்னணி. அவ்வாணை 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. இரு நூல்களையும் சேர்த்து வாசிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். பாட்டனார் நம்பி நுழைந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மடத்தின் வழியாகவும், மற்றொரு பிள்ளை கதையின் வழியாகவும் வெளியே வந்தனர். முதலாமவரை வெளியேற்றியது சபை. கதைநாயகனை வெளியேற்றியது அரசு.

குறைகளையும் கூறவேண்டும். ‘கருக்கு’ சென்ற இடத்திற்கே திரும்பத் திரும்பச் செல்லும் நூல். மடத்தைப் பற்றிய குற்றச்சாட்டுகள் பல அதிகாரங்களில் ஏறக்குறைய ஒரே வடிவில் வருகின்றன. ஊர்ப் பகுதியில் மனிதர்கள் பட்டப்பெயரோடும் தொழிலோடும் சிரிப்போடும் உலவுகின்றனர். மடப் பகுதியிலோ ‘அவர்கள்’ மட்டுமே உண்டு. அந்த அருட்சகோதரிகளில் ஒருவருடைய முகமும் நம் மனத்தில் நிற்பதில்லை. காயம் ஆறுமுன் எழுதியதன் விளைவு இது என்று கொள்ளலாம். எனினும் ஒரு ஸ்தாபனம் எவ்வாறு நல்லவர்களையும் தன் வழக்கத்திற்குள் இழுத்துக்கொள்கிறது என்பதை அறியவேண்டிய நமக்கு இது இழப்பே. பெண்களின் தனித்தனி முகங்களை 1994 இல் வந்த ‘சங்கதி’யில்தான் ஆசிரியர் நிறைவாகக் காட்டினார்.

நடையைப் பற்றி ஒரு சொல். பிரசங்கபீடத்தின் தமிழ் இந்நூலில் இல்லை. தெருவின் பேச்சுத்தமிழே முதல் வரி முதல் இறுதிவரை நிற்கிறது. மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறைமைகளை அமைத்ததன் நோக்கம் புரிந்தவர்களுக்கு இந்த நடையின் நோக்கமும் புரியும். வயலில் பேசும் மொழியை ஆலயவாசலில் கழற்றி வைக்கவேண்டும் என்றால், அம்மொழியில் அனுபவித்த துன்பத்தையும் வாசலிலேயே விட்டுவர வேண்டியதாகும்.

‘இது கத்தோலிக்கரின் காரியம்’ என்போர் நம் சரித்திரத்தையும் புரட்டட்டும். 1833 இல் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு ஒழியவேண்டுமென்று கடிதம் விடுத்தபோது தஞ்சாவூர்ச் சபையார் பலர் அதை ஏற்க மறுத்தனர். நாம் இன்றும் பக்தியுடன் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்திற்காக வாதிட்டவரே. நம் கல்லறைத் தோட்டங்களும், திருமண ஓலைகளும், சபைத் தேர்தல்களும் அவ்வாதத்தை இன்னும் முடித்துவைக்கவில்லை.

நூல் வெளிவந்தபோது சொந்த ஊராரும் சினந்து, ஆசிரியரைச் சில மாதம் ஊருக்குள் வரவொட்டாமல் தடுத்தனர். பிற்பாடே அதன் பொருளை உணர்ந்து ஏற்றனர். ஆகவே இச்சாட்சியின் கிரயம் மடத்தோடு முடியவில்லை.

கருக்கு என்பது பனைமட்டையின் அரம் போன்ற விளிம்பு. விறகு பொறுக்கும் பிள்ளைகளின் கையைக் கீறுவது. முன்னுரையில் ஆசிரியர் எபிரேயர் 4:12 ஐ நினைவூட்டுகிறார். நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனத்தில் பட்டயத்தின் கூர்மையைச் சொல்ல நிற்பதும் இதே ‘கருக்கு’ என்னும் சொல்தான். அதற்கடுத்த வசனம் கணக்கு ஒப்புவிப்பதைப் பற்றியது. முதல் வசனத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். புதுப்பட்டியின் மகள் நம்மை அடுத்த வசனத்திற்கு அழைத்துச் செல்கிறார்.