ஸெத்: கல்லறையும் சுங்கச்சாவடியும்

பால் வலேரியின் 'கடலோரக் கல்லறை' (1920) பற்றி எழுதுகிறவர்கள் கடலையும் கல்லறையையும் வெறும் படிமங்களாக எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தூய கவிதைக்கு ஊர் எதற்கு என்பது வாதம். ஆனால் ஊர் இருக்கிறது. தெற்கு ஃப்ரான்ஸில், மத்தியதரைக் கடலுக்கும் தோ உப்பங்கழிக்கும் இடையில், ஒரு குன்றைச் சுற்றி. பெயர் ஸெத்.

இயற்கை தந்த துறைமுகம் இல்லை இது. துலூஸிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய்க்குக் கடலில் ஒரு வாசல் வேண்டியிருந்தது; 1666ல் பதினான்காம் லூயியின் அரசு இங்கே அலைதடுப்புச் சுவருக்குக் கல் நாட்டியது. 1871ல் இவ்வூரில் பிறந்த வலேரியின் தந்தை சுங்க இலாகா உத்தியோகஸ்தர். ஆக, மகன் சிறுவயதில் கண்ட கடல் சரக்கும் வரியும் பதிவேடும் சேர்ந்த கடல். கவிதையின் 24 செய்யுட்களில் இவற்றுக்கு இடமில்லை. உச்சிவெயில், சலனமற்ற பிரக்ஞை, இறந்தவர்கள். படகுகளின் பாய்கள்கூடப் புறாக்களாகிவிடுகின்றன. இந்த நீக்கம்தான் கவிதையின் சாதனை. அதன் விலையும் இதுவே.

விலையைக் கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். ஆக்னெஸ் வார்தாவின் 'லா ப்வான்த் கூர்த்' (1955) உப்பங்கழிக் கரையின் மீனவர் குடியிருப்பில் எடுக்கப்பட்டது. மீனவர்களே நடித்தார்கள். சிப்பி எடுப்பதைத் தடுக்கும் அதிகாரிகளோடு அவர்களுடைய மல்லுக்கட்டு ஒரு பக்கம். தங்கள் உறவை அலசித் தீராத ஒரு தம்பதி மறுபக்கம். இரண்டும் கடைசிவரை ஒட்டுவதில்லை. சிந்திக்கிறவனும் வலை இழுக்கிறவனும் ஒரே கரையில் நின்றும் சந்திக்காததைப் படம் பூசி மெழுகவில்லை.

1945ல் வலேரி இறந்தபின் அந்த மயானமே கவிதையின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதே ஊரில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்த பாடகர் ஜார்ஜ் ப்ராஸன்ஸ், 1966ல் தன்னைக் கடற்கரை மணலில் புதைக்கும்படி மனுப்போடுவதுபோல ஒரு பாட்டுக் கட்டினார். வலேரியிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரைச் சீண்டுகிற பாட்டு. 1981ல் அவருக்குக் கிடைத்தது மணல் இல்லை; உப்பங்கழிப் பக்கத்து எளியவர் மயானம்.

வலேரியைக் குறைத்துச் சொல்வதற்காக இதையெல்லாம் அடுக்கவில்லை. சுங்கச்சாவடி இருந்ததை அறிந்து வாசிக்கிறவனுக்குக் கவிதையின் அமைதி எவற்றையெல்லாம் விலக்கிச் சம்பாதிக்கப்பட்டது என்று புரியும். அறியாதவனுக்கு அது அழகான வெயில், அவ்வளவுதான்.