மரண ரயிலின் காப்பகத்தில் யார் இருக்கிறார்கள்?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் உண்டு. அதே ஊரில், ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புகள் கிடக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்கிறார்கள்; ஒருவருக்கும் பெயர் இல்லை.

1942-43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட, ‘மரண ரயில்’ என்று பேர்பெற்ற 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர்? 90,000 இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. முதல் எண்ணுக்குப் பின்னால் பட்டியல் இருக்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் இருப்பது கணிப்பு.

அந்தப் பட்டியல் தானாக வந்துவிடவில்லை. முகாம்களில் கைதிகள் உயிரைப் பணயம் வைத்துக் குறிப்பெழுதினார்கள். ஓவியர் ரொனால்ட் சேர்ல் தாம் வரைந்த படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார். தொற்றுக்குப் பயந்து காவலர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். இன்று அவை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போர் முடிந்த 1945லேயே, முன்னாள் கைதிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு குழு பாதை நெடுகத் தேடிப்போய், 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துப் பதிவுசெய்தது. காப்பக வேலைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரிந்து குறைவு. சாட்சி உயிரோடு இருக்கும்போதே, இடம் காடாகிவிடுவதற்குள் போனார்கள்.

தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பால்மரம் வெட்டும் தொழிலாளிக்காக அப்படிப் போக யாரும் இல்லை. அவனுக்குப் படைப்பிரிவு எண் கிடையாது. முகாமில் அவன் கூட்டத்தாருக்கென்று சொந்த மருத்துவரோ, எழுதிவைக்க ஓர் அதிகாரியோ இல்லை. செத்தால் குழி அல்லது ஆறு. அவனைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட காகிதம் என்று பார்த்தால், பெரிதும் பிறர் எழுதியதுதான். 1943இல் சிங்கப்பூரிலிருந்து தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்ட, ‘கே’, ‘எல்’ என்று பெயரிட்ட கைதி மருத்துவக் குழுக்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் அவற்றில் முக்கியமானவை. ஆகவே, ‘வெள்ளைக்காரன் காப்பகம்’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதைத் தள்ளிவிட்டால் நம் ஆட்களைப் பற்றிய சாட்சியமும் கூடவே போய்விடும்.

பொருள்களின் கதை இன்னும் மோசம். இந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்று தோக்கியோவின் யாசுகுனி போர் நினைவுக் கோயில் வளாகத்தில் உள்ள யூஷூகான் காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. பாதை போட்டவர்களின் சாவைப் பற்றி அங்கே பேச்சில்லை என்பது நெடுநாளைய புகார். இரும்பு பத்திரமாக இருக்கிறது, துருப்பிடிக்கவில்லை. பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்றிவிட்டு அதன் வரலாற்றைக் கழற்றி வைத்துவிடவும் முடியும் என்பதற்கு அதுவே போதும்.

திரைப்படம் செய்த வேலை வேறு மாதிரி. 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ இலங்கையின் கித்துள்கலையில் எடுக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் கைதிகளே பாலம் கட்டுகிறார்கள். உண்மையில் பாலம் நிற்பது மே குளோங் ஆற்றின் மேல். பயணிகள் குவாய் ஆற்றைத் தேடி வரவே, பின்னாளில் அந்தப் பகுதி ஆற்றுக்கே ‘குவே யாய்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள்! படத்துக்கு ஏற்ப ஆறு திருந்திக்கொண்டது.

அப்படியானால் வாய்மொழிச் சாட்சியம்தான் வழியா? ஓரளவுக்கு. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று மையம் 1979இல் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தைப் பற்றிய பதிவுகள் 1980களில் எடுக்கப்பட்டன. சம்பவம் நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து. அதற்குள் நடுவயதில் ரயில் வேலைக்குப் போனவர்கள் பலர் காலமாகியிருப்பார்கள். பேசக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அன்றைய சிறுவர்கள். சிறுவனுக்கு வாந்திபேதியும் பசியும் நினைவிருக்கும்; முகாமின் பெயரும் கிலோமீட்டர் கணக்கும் நினைவிருக்காது. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிழை, அந்த நினைவை ஒப்பிட்டுப் பார்க்கக் காகிதத்தைத் தேடாமல் விடுவதுதான். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலையே பல தமிழ் வாசகர்கள் ஆவணம் போலப் படிக்க நேர்ந்ததற்கு இந்த வெற்றிடம்தான் காரணம். நாவல் மேல் தவறில்லை, அது ஏற்றுக்கொண்ட சுமைதான் அதிகம்.

தேட வேண்டிய காகிதம் எது என்பதும் தெரியாததல்ல. தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யாருக்கு நாள் கூலிக்குப் பேர் போட்டார்கள் என்பதைத் தோட்ட எழுத்தரான கிராணி ‘செக்ரோல்’ என்ற பதிவேட்டில் எழுதிவந்தார். போருக்கு முந்தைய செக்ரோலையும் பிந்தையதையும் அடுத்தடுத்து வைத்தால், காணாமற்போன பெயர்கள் பலவும் அங்கே தெரியும். எல்லாரும் ரயிலில் செத்தவர்கள் என்று ஆகாது. ஊர் திரும்பியவர்களும் தோட்டம் மாறியவர்களும் அதில் இருப்பார்கள். அதைப் பிரித்தறிய ஒலிநாடாக்கள் உதவும், மருத்துவக் குழுக்களின் குறிப்புகள் உதவும். ராணுவச் சீருடைக்கும் பதக்கத்துக்கும் இடம் ஒதுக்கும் போர் அருங்காட்சியகம், ரப்பர் கம்பெனியின் பழைய கூலிக் கணக்கையும் போர் ஆவணம் என்று கேட்டு வாங்க வேண்டும். கரையான் அதற்குள் எத்தனை பேரேடுகளை முடித்துவைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.