ஆயிடுச்சு, பண்ணிட்டேன்

‘டெலீட் ஆயிடுச்சு’ என்பதற்கும் ‘டெலீட் பண்ணிட்டேன்’ என்பதற்கும் நடுவில் ஒரு ஆளுடைய வேலை இருக்கிறது. சில சமயம் அது சொல்கிறவனுடைய வேலையாகக்கூட இருக்காது, பக்கத்து சீட்காரனுடையதாக இருக்கும். பதினோரு வருஷமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இந்த இரண்டில் எதை எப்போது சொல்வது என்று எங்கள் தொழிலில் யாரும் கற்றுத்தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தது எனக்கு உபயோகப்பட்டது இங்கேதான். ஃபைல் அழிந்தது என்றால் தன்வினை. ஃபைலை அழித்தேன் என்றால் பிறவினை. முதல் வாக்கியத்தைப் படித்தால் ஏதோ ஃபைல்தான் தப்பு செய்த மாதிரி இருக்கும்.

சர்வர் விழுந்து, அடித்துப்பிடித்து அதை எழுப்பி, எல்லோரும் தூங்கி எழுந்த பிறகு ஒரு அறிக்கை எழுத வேண்டும். உலகம் முழுக்க அதற்குப் பெயர் போஸ்ட்மார்ட்டம். சென்னை ஆபீஸ்களில் ஆர்.சி.ஏ. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம், இவ்வளவுதான் அதன் வடிவம். இதையெல்லாம் எதற்கு இலக்கிய இதழில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சம்பவத்தில் மாட்டிக்கொண்டவரே அதைச் சொல்லும்போது, அவர் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்று பார்ப்பது நம் பழக்கம். தன்வரலாறுகளில் பார்க்கிறோம், தன்மையில் சொல்லப்படும் நாவல்களில் பார்க்கிறோம். அதே கண்ணோடு இவற்றையும் படிக்கலாம் என்பதுதான் என் கட்சி.

அப்படிப் படிக்க எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம், கிட்லேப் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைத்து, கூட்டாக வேலை செய்யும் இடம் கிட்லேப். அந்த வருஷம் ஜனவரி 31 ராத்திரி, அங்கே முதன்மை டேட்டாபேஸில் சுமை ஏறி, அதன் நகல் பின்தங்கிவிட்டது. நகலைக் காலி செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். நகலெடுக்கும் கட்டளையோ ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றது. ஃபோல்டர் காலியாக இல்லாததுதான் பிரச்சினையோ என்று நினைத்த இன்ஜினியர், அதை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஓரிரு நொடியில் உறைத்தது: தான் இருப்பது நகலில் இல்லை, முதன்மையில். நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபியில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

பேக்கப் இருக்குமே என்று தோன்றும். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பி எடுக்கிற நிலையில் இல்லை. கடைசியில் காப்பாற்றியது, சுமார் ஆறு மணி நேரம் முன்னால் வேறு ஒரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதி. தளம் திரும்பி வர சுமார் 18 மணி நேரம் ஆனது. நிரல்கள் பிழைத்தன. இடைப்பட்ட அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை, அதாவது சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமெண்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள், போனது போனதுதான்.

இந்தச் சம்பவத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று, மீட்பு வேலை நடக்கும்போதே அவர்கள் எழுதி, உலகம் முழுக்கப் பார்க்கத் திறந்துவைத்த குறிப்பு. வேலையை யூட்யூபில் நேரலையாகவும் காட்டினார்கள். இன்னொன்று, பத்து நாள் கழித்து, பிப்ரவரி 10-இல் வெளியான முறையான அறிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்.

நேரடிக் குறிப்பில் எழுவாய் அப்படியே இருக்கிறது. அவர் நினைக்கிறார், அவர் முடிவெடுக்கிறார், தவறான மெஷினில் தானே ஓட்டியிருப்பதை அவர் கவனிக்கிறார். தூக்கம் இல்லாமல் எழுதிய, அழகே இல்லாத வரிகள். ஆனால் ஒரு இடத்தில்கூட மனுஷன் காணாமல் போகவில்லை. பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில், நகல் என்று நினைத்து அழிக்கப் போகிற வரைக்கும் ‘ஒரு இன்ஜினியர்’ இருக்கிறார். அடுத்த வாக்கியத்தில் அது முதன்மையில் ‘செய்யப்பட்டுவிட்டது’. அதற்கு அடுத்த வாக்கியத்தில், தவறைக் கவனித்து நிறுத்துவதற்காக இன்ஜினியர் திரும்பி வந்துவிடுகிறார். நடுவில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் செயப்பாட்டுவினையின் திரையை இழுத்து மூடியிருக்கிறார்கள். இரக்கத்தில் செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் இதே பொதுப்பெயரால் இன்னொன்றும் மங்கிப்போகிறது. ஆறு மணி நேரம் முன்னால் அந்தப் பிரதியை எடுத்துவைத்தவரும், ராத்திரி அழித்தவரும் ஒரே ஆள்தான். குறிப்பில் இருக்கும் பெயரெழுத்துகளைப் பார்த்தால் அது தெரியும். எல்லோருமே ‘ஒரு இன்ஜினியர்’ ஆகிவிட்ட அறிக்கையில் சட்டென்று தெரியாது. காப்பாற்றினவனையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது அந்தத் திரை.

சரியாக நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் சில மணி நேரம் விழுந்து, இணையத்தில் பாதி படுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர்களுடைய அறிக்கையிலும் இதே வேலை நடக்கிறது. அனுமதி பெற்ற ஊழியர், ஏற்கெனவே வகுத்த நடைமுறைப்படி, கட்டளையை இயக்கினார். இதுவரைக்கும் செய்வினை. தவறு வருகிற இடத்தில் மட்டும் உள்ளீடு தவறாக ‘இடப்பட்டுவிட்டது’. சேவை சரியாக இருக்கிறதா என்று காட்டும் பக்கமே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், அதையும் மாற்ற முடியாமல் போனதை ஒளிக்காமல் சொல்கிற அறிக்கை அது. கை நழுவிய அந்த ஒரு நொடி மட்டும் யாருடையதும் இல்லை.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு நியாயம் சொல்வார்கள். எட்ஸி நிறுவனத்தில் இருந்தபோது ஜான் ஆல்ஸ்பா 2012-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம்’ என்பது எங்களுக்கு வேதவாக்கு. தண்டனை வரும் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதனால் பயத்தை எடுத்துவிடுங்கள் என்றார் அவர். கவனித்துப் படித்தால், செய்தவர் தான் செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இவ்வளவும் கேட்கிறார். பழி வேண்டாம் என்பதை ஆளே வேண்டாம் என்று புரிந்துகொண்டது நாம்தான்.

நாம் என்பது யாரையோ சொல்வதற்காக இல்லை. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். ஓ.எம்.ஆரில் நைட் ஷிப்ட். டிஸ்க் நிரம்பி வழிந்தது, பழைய லாகுகளை அழிக்க வேண்டும். ஒரே கறுப்பில் இரண்டு டெர்மினல் விண்டோ. 2.40-க்கு நான் அழித்தது, கஸ்டமர் பில்கள் இருந்த ஃபோல்டரை. பேக்கப் பத்தொன்பது நாளாக ஓடியிருக்கவில்லை. ஓடவில்லை என்று சொல்லும் எச்சரிக்கை மெயில்கள், வேலையை விட்டுப்போன ஒருத்தரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. காலையில் ஆர்.சி.ஏ எழுதினேன். ‘கிளீனப் பணியின்போது ஃபோல்டர் டெலீட் ஆனது.’ நல்ல, சுத்தமான வாக்கியம். யாரையும் காட்டிக்கொடுக்காத வாக்கியம் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அன்னிக்கு ஷிப்ட்ல யாரு?” ரோஸ்டரில் இரண்டு பெயர். நான் பெர்மனென்ட். இன்னொருவன் காண்ட்ராக்டில் மானிட்டரிங் பார்த்த திருநெல்வேலிப் பையன், சேர்ந்து நாலு மாசம். அடுத்த திங்கள்கிழமை ரோஸ்டரில் அவன் பெயர் இல்லை. சாயங்காலம் போன் பண்ணினான். “அண்ணே, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?” என்றான். “இல்லடா” என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடமும், மேனேஜரிடமும்.

எழுவாய் இல்லாத வாக்கியம் யாரையும் காப்பாற்றுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அது ஒரு காலி நாற்காலி. ஆபீஸ் அதை ரொம்ப நேரம் காலியாக விடாது. இருப்பதிலேயே எளியவன் எவனோ அவனைக் கொண்டுவந்து உட்காரவைக்கும்.

கிட்லேப் அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதனால்தான். அந்த ஒரு வாக்கியத்தில் சறுக்கினாலும், மற்றபடி அது இன்ஜினியரைத் தாண்டி நடக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போகும் முறையை எடுத்துக்கொள்கிறது. இந்த முறையின் குறையும் அதில் தெரிகிறது. ஒரு ‘ஏன்’னுக்கு ஒரே பதில்தான் என்று போவதால், முதல் சங்கிலி எவனோ ஒரு விஷமி ஒரு ஊழியரின் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்ததில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அது காரணமே இல்லை, வெறும் தற்செயல். இரண்டாவது சங்கிலிதான் உண்மையான கதை. பேக்கப் ஏன் எடுபடவில்லை? டேட்டாபேஸின் வெர்ஷனும் பேக்கப் கருவியின் வெர்ஷனும் பொருந்தவில்லை. ஏன் யாருக்கும் தெரியவில்லை? தோல்வியைச் சொல்லும் மெயில்கள் நிராகரிக்கப்பட்டன. ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை? அதைச் சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

அங்கே வந்து நிற்கிறது. பொறுப்புக்கு ஆளே இல்லாமல் இருந்தது அந்த ராத்திரிக்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே. இதைக் கண்டுபிடித்து எழுதியதால்தான், அழித்தவர் தலையில் கதை முடியவில்லை. இந்த வெளிப்படைத்தன்மை நிறுவனத்துக்கு நல்ல பேரையும் வாங்கிக்கொடுத்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. கணக்கு போன 700 பேர் அறிக்கையில் எண்ணாக மட்டும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், செய்தவனைச் சொல்லிவிட்டு அவனோடு நிற்காமல் மேலே போகலாம் என்று எனக்குக் காட்டிய பிரதி இதுதான்.

இப்போது ஜூனியர்கள் எழுதும் ஆர்.சி.ஏ-க்களைப் படித்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. முதலில் ‘ஆனது’ என்ற சொல்லைத் தேடுகிறேன். யார் செய்தது என்று போடு, அடுத்த வரியில் அவன் கைக்கு அது எப்படி வந்தது என்றும் போடு என்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் அறிக்கையை இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். ராத்திரி 2.40-க்கு ஃபோல்டரை அழித்தது நான். பேக்கப் பத்தொன்பது நாளாக ஓடவில்லை என்பதைக் கவனிக்கும் பொறுப்பு எங்களில் யாரிடமும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டே வரி. அந்தப் பையன் இதில் எங்கேயும் வர மாட்டான்.