தேயாத கருவிகள்

இசைக்கலைஞர்கள் தங்களிடம் இருக்கிற கிட்டார், பேஸ், ஆம்ப் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஊருக்குக் காட்டும் வழக்கம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்து நாளாகிவிட்டது. கல்யாண வரவேற்பில் வாசிக்கும் பையன், தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் பிடிப்பவர், சென்னைக்குப் போய் ஒலிப்பதிவுக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு படமோ காணொளியோ வைத்திருக்கிறார்கள். சுவரில் கொக்கி போட்டுத் தொங்கும் கிட்டார்கள், கீழே அடுக்கிய ஆம்புகள், பின்னால் நீல விளக்கு. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிக் காட்டி, தயாரித்த கம்பெனி, ஆண்டு, மரம், பிக்கப், வாங்கிய விலை ஆகியவற்றைச் சொல்கிறார்கள். பிறகு அடுத்த கிட்டாருக்குப் போய்விடுகிறார்கள்.

மெல்லிசைக் குழுக்களில் பல வருஷம் வாசித்த கடலூர் நண்பர் ஒருவர் இந்த வழக்கத்துக்காக என்னோடு வாதாடினார். “இது பெருமை பேசறது இல்ல சார், ஆவணம். நாளைக்கு ஒருத்தன் தேடும்போது, இந்தக் காலத்துல எங்ககிட்ட என்ன இருந்துச்சுன்னு தெரியணுமில்ல?” என்றார். அவர் நேர்மையானவர், வாசிப்பிலும் சுத்தமானவர். ஆனால் அவர் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்க வேண்டியவற்றை முதலிலேயே ஏற்றுவிடுகிறேன். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்கும் ஓசையில் என்ன வித்தியாசம், வால்வு ஆம்ப் ஏன் கதகதப்பாகக் கேட்கிறது என்பதெல்லாம் நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ இருக்கும் ஒரு பையனுக்கு இப்படித்தான் தெரிய வருகிறது. கடையில் போய்த் தொட்டுப் பார்க்க அவனுக்கு வழியில்லை. நண்பரின் ஆவண வாதத்திலும் உண்மை உண்டு. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் வரும் கிட்டாரை முணுமுணுக்காத தமிழர் குறைவு. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. நம் திரையிசை, வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டு உறையிலும் கேசட் அட்டையிலும் போடாமலே வளர்ந்தது. அன்றைக்கே யாராவது கருவியையும் வாசித்தவரையும் பதிந்து வைத்திருந்தால் நமக்கு லாபம்தான்.

ஆனால் எதைப் பதிந்திருந்தால் லாபம்? சந்திரசேகர் கையில் இருந்தது எந்தக் கம்பெனியின் கிட்டார் என்பது பத்தாவது கேள்வி. எந்தக் கம்பி போட்டிருந்தார், விரலால் மீட்டினாரா பிக் வைத்தாரா, மைக் எங்கே நின்றது, எத்தனை டேக் போனது, நொட்டேஷன் கைக்கு வந்து எவ்வளவு நேரத்தில் வாசித்தார் என்பவை போன்றவைதான் முதல் ஒன்பது. இன்றைய கிட்டார் வரிசையில் அந்தப் பத்தாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் இருக்கிறது. மற்றவற்றை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இந்தக் கிட்டாரில் என்ன வாசித்தீர்கள், எந்த மேடையில், எந்தப் பாட்டுக்கு என்று கேட்டால், பாதிப் பேர் அது இன்னும் மேடை ஏறவில்லை என்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள்.

அந்தப் பெருமையில்தான் என் ஆட்சேபம் இருக்கிறது. அந்தப் பெருமை இன்று நேற்று தோன்றியதல்ல.

கருவி தேயக்கூடாது, யாரும் கைவைத்துத் திருத்தக்கூடாது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும் என்ற கொள்கை பழைய கிட்டார்களின் சந்தையில் பிறந்தது. ஃபெண்டர் கம்பெனியை 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் செய்த கிட்டார்களுக்கு ஒரு விலை, பின் செய்தவற்றுக்கு ஒரு விலை என்று ஆயிற்று. மறு பெயின்ட் அடித்தால் விலை பாதியாகும் என்பது அந்தச் சந்தையின் எழுதாத விதி. ஃபிரெட் மாற்றினால் குறையும், பிக்கப்பைப் பிரித்துச் சால்டர் வைத்தாலும் குறையும். விற்று வாங்கும் வியாபாரிக்கு இது நியாயமான கணக்குதான். வாசிக்கிறவன் இதைத் தன் அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. கடலூரில் முப்பதாயிரம் கொடுத்துப் பழைய கிட்டார் வாங்கிய பையன், மூன்றாம் ஃபிரெட்டில் கம்பி பதிந்து பள்ளமாகி, தட்டினாலே ‘ஜிர்’ரென்று கேட்கும் கருவியைச் சரிசெய்ய மாட்டேன் என்கிறான். “ஒரிஜினல் ஃபிரெட் சார், மாத்துனா வேல்யூ போயிடும்” என்கிறான். அந்தக் கிட்டாரை ஏலம் எடுக்க லண்டனிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அவனுக்கு ஒரு நல்ல ‘ஸ’ வேண்டும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு, இல்லாத ஒரு வியாபாரிக்காகக் கருவியைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தச் சந்தையின் வரலாறே இந்தக் கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இன்று கோடிகளில் விலைபோகும் 1958 முதல் 1960 வரையிலான கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிட்டார்களை அன்று வாங்க ஆள் குறைவு. சரியாக விற்காததால் அந்த வடிவத்தையே கம்பெனி கைவிட்டது. சில வருஷம் கழித்து எரிக் கிளாப்டன் போன்றவர்கள் அவற்றை ஆம்பில் மாட்டி, ஒலியை உச்சத்தில் வைத்து வாசித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மரத்தில் ஏறிய விலை வாசிப்பு கொடுத்த விலை. 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் தன் கிட்டார்களை விற்றார். மொத்தம் 2 கோடி டாலருக்கு மேல் வந்தது. அதை அப்படியே கிளையண்ட் எர்த் என்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அன்று ஆக அதிகமாக, 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது, 1970-இல் அவர் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்டிராட்டோகாஸ்டர். சந்தை விதிப்படி பார்த்தால் அது கெட்டுப்போன கிட்டார். கழுத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார், பிக்கப்பை மாற்றியிருக்கிறார், உடம்பில் துளை போட்டு வேறு சாக்கெட் வைத்து, பிறகு அதை அடைத்திருக்கிறார், டிரெமலோவைப் பிடுங்கி வேறொன்று பொருத்தித் திரும்பப் பழையதைப் போட்டிருக்கிறார். தனக்கு வேண்டிய ஒலி கிடைக்கும்வரை அறுத்துக்கொண்டே இருந்தார். அந்த அறுவைகளின் பட்டியல்தான் அந்தக் கிட்டாரின் வரலாறு.

இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. நம் கருவிகள் எல்லாமே ஓயாத திருத்தத்தில் உயிர்வாழ்பவை. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா மரம் போகிறது. அதாவது கடலூர் மாவட்டத்து மண்ணிலிருந்து போகிறது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையேறியபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, வீணையின் மரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறைந்தவை அல்ல, மெழுகில் நிற்பவை. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்த கறுப்பு மெழுகைக் காய்ச்சித் தண்டியின் இரு விளிம்பிலும் கட்டி, அது இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக வைத்து, கம்பியை மீட்டிக் காதால் கேட்டு, மயிரிழை இப்படி அப்படித் தள்ளி நிறுத்துகிறார் வேலைக்காரர். காந்தாரம் நின்றுவிட்டதா என்பது அவர் முகத்திலேயே தெரியும். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். வெயிலில் மெழுகு இளகும், வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், திரும்பவும் கட்டவேண்டும். மேளம் கட்டாமல் ‘ஒரிஜினல்’ மெழுகோடு ஒரு வீணையை நாற்பது வருஷம் வைத்திருந்தால் அதில் சுருதி சேராது.

மிருதங்கத்தின் இடந்தலைக்கு ஒவ்வொரு கச்சேரிக்கும் ரவை பிசைந்து வைத்து, முடிந்ததும் வழித்தெடுக்கிறார்கள். வலந்தலையின் கறுப்புச் சாதம் உதிர்ந்தால் புதிதாக வைக்கிறார்கள். நாகஸ்வரத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் சீவாளிகளைப் பாருங்கள். வித்வான் ஒன்றை உதட்டில் வைத்துப் பார்த்து, சரியில்லையென்று மாற்றி, இன்னொன்றை நனைத்துப் பதம் பார்த்து வாசிக்கிறார். கச்சேரி நடக்கும்போதே நடக்கிற பராமரிப்பு இது. இந்த மண்ணில் பிறந்து, இதையெல்லாம் கோயில் பிராகாரத்திலும் சபாவிலும் கண்ணெதிரே பார்த்தவர்கள், கிட்டார் என்று வந்ததும் கைபடாத கருவியே உயர்ந்த கருவி என்று எப்படி நம்பத் தொடங்கினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆவணம் என்று சொல்கிறவர்களுக்குச் சிதம்பரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் விபுலானந்த அடிகள். வழக்கொழிந்துபோன யாழைப் பற்றி அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. எடுத்துத் தட்டிப் பார்க்க அவர் கையில் ஒரு பழைய யாழும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அடியார்க்குநல்லார் உரையும் இருந்தன. நரம்புகளை எப்படி நிறுத்துவது, எந்த நரம்பிலிருந்து எந்தப் பாலை பிறக்கும் என்று அவை சொல்லியிருந்தன. அதைக் கணக்காக விரித்துத்தான் அடிகள் யாழை மீட்டெடுத்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் வாதாடுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்துப் பாணன் தன் யாழ் என்ன மரம், என்ன விலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அடிகளுக்கு எழுத என்ன இருந்திருக்கும்?

ஆம்புகளின் கதை இன்னும் மோசம். மார்ஷலின் 100 வாட் ஆம்ப் 1965-இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷென்டும் அவர் தோழர்களும் மேடையில் சத்தம் போதவில்லை என்று கேட்டு வாங்கியது. வால்வுகள் சூடேறி, ஒலியை முழுக்கத் திறந்தால்தான் அதன் குணம் வெளியே வரும். அதைப் பத்தடிக்குப் பத்தடி அறையில், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று ஒலியை ஒன்றுக்கு மேல் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். பிறகு அதன் ஒலியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது எங்கோ படித்த ஒலியைப் பற்றி. தெருமுனை மேடையில் அஹுஜா ஆம்பையும் நான்கு குழாய் ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு, ஊளையிடாமல் பாடகர் குரலை முன்னுக்குக் கொண்டுவரும் மைக் செட்காரர் ஒலியைப் பற்றி இவர்களைவிட அதிகம் அறிந்தவர். அவருடைய பெட்டியை யாரும் படம் எடுப்பதில்லை.

பேஸ் என்றால் அமெரிக்காவின் மோடவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்லவேண்டும். பெரும்பாலும் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றை வைத்துக்கொண்டு, அறுந்தாலொழியக் கம்பியை மாற்றாமல், ஒற்றை விரலால் மீட்டி ஒரு தலைமுறையின் பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டார். 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்தப் பேஸும் திருடுபோய்விட்டது. கருவி போன பிறகும் அவர் வாசித்ததை உலகம் இன்றும் ஒவ்வொரு ஸ்வரமாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் என் நண்பர் இறுதியாகச் சொன்ன பதில் எளிமையானது. கருவி பத்திரமாக இருக்கவேண்டாமா என்றார். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு வைத்திருப்பவர் அவர். உப்புக்காற்றில் சில வாரங்களிலேயே கம்பி கறுத்துச் சொரசொரப்பாகிவிடுகிறது, பிக்கப் திருகாணி துருவேறுகிறது, மழைக்காலத்தில் கழுத்து வளைகிறது. இந்தக் கவலை நியாயம். ஆனால் ஊர்க்காற்று கெடுத்தவற்றைச் சரிசெய்யும் கைவேலைக்காரர்களிடம் கிட்டாரைக் கொடுக்காமல், கண்ணாடிப் பேழையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிவைப்பது பதிலாகாது. அருங்காட்சியகத்துக்கு அந்தக் கடமை உண்டு. கலைஞன் வீடு அருங்காட்சியகம் இல்லை. பத்துக் கிட்டார் சுவரில் தொங்கும் அதே தெருவில், கிவ்சன் என்ற இந்தியக் கம்பெனியின் கிட்டார் ஒன்று வாங்க அப்பாவிடம் ஒரு வருஷமாகக் கெஞ்சும் பையன் இருக்கிறான். அவனுக்கு அந்தப் பத்தில் ஒன்றை மூன்று மாதம் கொடுத்தால் என்ன? கீறல் விழும், கழுத்துக்குப் பின்னால் வார்னிஷ் தேயும். விழட்டும், தேயட்டும். கொடுக்கும்போது இதில் நான் இன்ன பாட்டு வாசித்தேன், இன்ன இடத்தில் ஃபிரெட் மாற்றினேன், இந்தக் கம்பி போட்டால் கனமாகக் கேட்கும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். நண்பர் கேட்ட ஆவணம் இதுதான். அவனும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பான்.

கொடுத்தால் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கிட்டாரின் கதை போதும். ஃபிளீட்வுட் மேக்கின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பால் அது. கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருப்பதால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பேசுவதுபோல ஒலிக்கும். சந்தை பழுது என்று சொல்லும் அந்தக் குறையே அதன் குரல். கிரீன் அதை கேரி மூரிடம் முதலில் இரவலாகக் கொடுத்து, பிறகு விற்றார். மூர் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்துவிட்டு விற்றார். 2014-இல் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. அவர் அதைப் பூட்டிவைக்கவில்லை. மேடைக்கு எடுத்துப் போகிறார், வியர்வைக் கையோடு வாசிக்கிறார், பார்க்க வரும் மற்றக் கிட்டார்காரர்களிடமும் வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்.