விமானிகளின் வேதவாக்கு

ஆங்கிலம் பேசும் விமானிகளிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஹாஸ்ய வாக்கு ஒன்று உண்டு: வேகத்தைக் காத்துக்கொள்வாயாக, இல்லையேல் பூமி எழும்பி வந்து உன்னை அடிக்கும் என்பது அதன் கருத்து. கேட்ட மாத்திரத்தில் சிரித்துவிட்டுப் போகிறவன் அதன் ரசத்தில் பாதியைத்தான் பெறுகிறான்.

முதலில் செவிக்கு அதை உரியதாக்கிக்கொள்ள வேண்டும். 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் நடையில், மோசேயின் கற்பலகையிலிருந்து வாசிப்பதுபோல அமைந்த வாக்கு அது. 'ஆயாக' என்றும் 'ஆதிருப்பாயாக' என்றும் முடியும் தமிழ் விவிலியத்தின் கட்டளைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கம்பீரத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அவசரப்படாமல், பீடத்தில் நின்று படிப்பவரைப் போல உரத்து வாசியுங்கள். வேதத்தைப் பரிகசிப்பதாக எண்ணி முகம் சுளிப்பது நியாயமன்று. மீறினால் தண்டனை நிச்சயம் என்ற விதியைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான பாஷை ஏது?

அடுத்தது விஷயஞானம். வேகம் குறையும்போது உயரத்தை இழக்காதிருக்க விமானி விமானத்தின் மூக்கை மேலும் மேலும் தூக்குகிறான். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டும்போது, அதுவரை இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்துபோக, தாங்கிநின்ற விசை சரிந்துவிடுகிறது. 'ஸ்டால்' என்று அவர்கள் அஞ்சுவது இதைத்தான், இஞ்சின் நின்றுபோவதையன்று. அப்போது மூக்கு தானே கவிழ, கண்ணாடிக்கு எதிரே வானம் மறைந்து வயலும் மரமும் விரைந்து பெரிதாகி வருவதைக் காண்பவனுக்கு, பூமி எழும்பி வருகிறது என்பது அலங்காரமே அன்று, கண்ட காட்சி. ஹாஸ்யம் அங்கேதான் உச்சம் பெறுகிறது.

வேதமும் விமானமும் ஒரே வீட்டில் வளர்ந்ததை அறிந்தால் ரசனை இன்னும் கனியும். ரைட் சகோதரர்களின் தந்தை மில்டன் ரைட் ஒரு பிஷப்; ஞாயிற்றுக்கிழமை பறப்பதில்லை என்ற நியமத்தை மைந்தர் இருவரும் காத்தார்கள். 1903 டிசம்பர் 13, ஞாயிறு, அவ்வாறே கழிந்தது. மறுநாள் கிட்டி ஹாக் அருகே மணல்மேட்டில் வில்பர் மூக்கை அளவுக்கு மிஞ்சித் தூக்கவே, வேகமிழந்த இயந்திரம் மூன்றரை விநாடியில் மணலில் மோதிச் சேதமுற்றது. அதைச் செப்பனிட்டு, 17-ஆம் தேதி ஆர்வில் பறந்தார்: 12 விநாடி, 120 அடி.